இருபத்திரண்டும் இருபதும்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருடம். ரப்பர் தோட்ட ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. காஜா பெராங் ஊரில் என் வீட்டில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சைக்கிளில் போவேன். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி.

பால்வெட்டுக் கூட்டம் இரண்டில் ஒன்றைக் கலைக்கத் துரை நினைத்தார். கூட்டத்துக்குப் பத்துப் பேர். கோடு போட்ட பெரிய தாளில் ஒவ்வொருவரின் ஒரு நாள் பால் எடையையும் பெயரோடு இரண்டு பத்தியாக எழுதினேன். மேல்காட்டுக் கூட்டத்தின் சராசரி இருபத்திரண்டு ராத்தல், கீழ்காட்டுக் கூட்டத்தின் சராசரி இருபது.

பெரிய கிராணியிடம், "ஆளாளுக்கு ரொம்ப ஏறி எறங்குதுங்களே, இன்னும் நாலு நாள் நிறுத்துப் பாக்கலாமா?" என்றேன்.

"தொர உன்கிட்ட கதையா கேட்டாரு? ரெண்டு நம்பர் கேட்டாரு. குடுத்துட்டுப் போ."

கொடுத்தேன்.

மறுநாள் பெரட்டில் கீழ்காட்டுப் பத்துப் பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதில் அஞ்சலை, புருஷனை இழந்தவள், இரண்டு பெண் பிள்ளைகள். வாளிகளை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏங்க கிராணி, என் பாலக் கொறைச்சா எழுதுனீங்க?"

"இல்லம்மா, உள்ளதத்தான் எழுதுனேன்."

"அப்ப சரி. நான் கும்புடுற முருகனத்தான் நீங்களும் கும்புடுறீங்க. அவரு பாத்துக்கட்டும்."

அந்த வாரமே லயத்து வீட்டைக் காலி செய்தாள். உஜோங் பாசிர் வரை விசாரித்தேன். தகவல் இல்லை.

தாளின் நகலைப் பூஜை அறையில் வைத்திருந்தேன். ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, பள்ளி ஆசிரியையான என் மகள் அந்த இருபது எண்களையும் கணினி விரிதாளில் இரண்டு பத்தியாக அடித்து, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டாள். 0.44 என்று வந்தது.

"அப்பா, இது 0.05க்குக் கீழ வந்தாதான் ரெண்டு கூட்டமும் வேறன்னு சொல்லலாம். ஒரே மாதிரி வேலை செய்யிற ரெண்டு கூட்டத்த எடுத்தாலும், நூறுல நாப்பத்து நாலு தடவ இவ்வளவு வித்தியாசமாவது வரும். இத வெச்சா ஆள நிறுத்துனாங்க?"

தாளை வாங்கி, முதல் தடவையாக ஒவ்வொரு பெயராகப் படித்தேன்.

வேலைக்கு வரும் பிள்ளைகளே, சராசரி எழுதிய வரிக்கு மேலே இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அன்று கூட்டிய அவசரத்தில் நான் எண்களைப் பார்த்தேனே தவிர, எது யாருடையது என்று படிக்கவில்லை. கீழ்காட்டில் ஏழாவது பெயர் அஞ்சலை, முப்பது ராத்தல். இருபது பேரில் அதுதான் அதிகம். எழுதியது என் கைதான்.