வால் கொழுப்பில் ஊறிய தலை

புருல் அக்கா கண்ணை மூடிக்கொண்டு முயலின் காதை முகர்ந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு கல்லூரிப் பெண் நகம் காய்வதற்காகப் பத்து விரலையும் விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் நகத்தைவிட முயலின் காது அவசரம் என்று அக்கா முடிவு செய்துவிட்டார்.

"ஜன்னல் பெயின்ட்டு," என்றார் முயலிடம். "முதல்ல பச்சை, அதுக்கு மேல நீலம். எந்தப் படுபாவிடா இது? முயல் என்ன ஜன்னலா?"

சோவியத் காலத்து, உள்ளே வெற்றான பிளாஸ்டிக் பொம்மை முயல். சந்தைக்குப் போகிறவர்கள் இப்படி எதையாவது அக்காவுக்கென்று எடுத்து வருவார்கள். பிஷ்கேக்கில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய ஒற்றை அறையில் அவருடைய நகக்கடை. காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் விரலில் வர்ணம் பூசுவது தொழில். அதே மேஜையில், அதே விளக்கில், பழைய பொம்மைகளின் மேல் யாரோ பூசிய வர்ணத்தை உரிப்பது சந்தோஷம். இரண்டுக்கும் நடுவில் கையைக் கழுவுவார். சில நாள் மறந்துவிடுவார்.

மறந்த நாளில் வாடிக்கையாளர்களின் விரலில் ஆட்டு வாசனை அடிக்கும். காரணம் அவருடைய மருந்து அப்படி. நகப்பூச்சை அழிக்கக் கடையில் லிட்டர் கணக்கில் அசிட்டோன் இருக்கிறது. பொம்மைகள் இருக்கும் அலமாரிப் பக்கம் அதன் மூடியைக்கூடத் திறக்க விடமாட்டார். முதன்முதலாகச் சுத்தம் செய்த வாத்துக்கு அசிட்டோன் போட்டிருக்கிறார். பெயின்ட் போனது உண்மை. கூடவே அலகும் போனது. அந்த வாத்தை இன்னும் வைத்திருக்கிறார். உருகி வழிந்த முகத்தோடு அது அலமாரியின் உச்சியில் நின்று அவரைக் கண்காணிக்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் செம்மறியின் வால் கொழுப்புதான். உருக்கிய கொழுப்பைத் தடவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, துண்டைப் போர்த்தி, அறையைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாயின் மேல் வைத்துவிடுவார். தார் கலந்த வார்னிஷ் என்றால் அதிலேயே இளகிவிடும். ஜன்னல் பெயின்ட் என்றால் சலவை சோடாவில் ஊறவும் வேண்டும். இளகியதைச் சீவிய தீக்குச்சியால் நெம்பி நெம்பி எடுப்பார். மாடிப்படிப் பூனைகள் கடை வாசலிலேயே குடியிருப்பதன் ரகசியமும் இதுதான்.

"கம்பெனி குடுத்ததுதான் மூஞ்சி," என்பது அவருடைய கட்சி. "அதுக்கு மேல எவன் பூசினாலும் அழுக்கு."

இதைச் சொல்கிறவரின் தலைமுடி காரட் நிறம். புருவம் பச்சை குத்தியது. வீட்டு ஜன்னல் சட்டங்களுக்கு வசந்தம் வந்தால் போதும், வெள்ளை அடித்தாக வேண்டும். அடித்து அடித்துத் தடித்துப்போய் ஒரு ஜன்னலை மூடவே முடியாது, இன்னொன்றைத் திறக்கவே முடியாது. ஒருமுறை புருவத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்டேன்.

"என்னை என்ன கம்பெனியிலயா செஞ்சாங்க?" என்றார். "எங்கம்மா அவசரத்துல செஞ்சது. கொஞ்சம் திருத்தம் வேணும்ல?"

இன்னொரு விசித்திரமும் உண்டு. அவருடைய இடது கை நகங்கள் ஐந்தும் கண்ணாடிச் சில்லுபோல மின்னும். வலது கை நகங்களைப் பார்த்தால் ஜாம் பாட்டிலுக்குள் விரல் விட்ட குழந்தைதான் நினைவுக்கு வரும். தனக்குத்தானே பூசிக்கொள்ளும்போது வலது கைக்கு இடது கைதான் பூச வேண்டியிருக்கிறது. அந்த இடது கையை நம்பி அவர் தேநீர்க் கிண்ணத்தைக்கூட எடுப்பதில்லை. வேறு யாரிடமாவது பூசிக்கொள்ளலாமே என்றால், "இந்த ஊர்ல எவளுக்கு கை சுத்தம்?" என்று கேட்பார்.

தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பூனை பொம்மையின் மீசையை, ஏதோ குழந்தை பேனாவால் கிறுக்கியது என்று உறுதியாக நம்பி, அரை நாள் உட்கார்ந்து எடுத்திருக்கிறார். அது கம்பெனி மீசை. உடையவர் வந்து சத்தம் போட்டபோது அக்கா அசரவில்லை. "இப்பதான் வயசு கம்மியா தெரியுது, பாருங்க," என்றார்.

தொக்தோசுன் அண்ணன் வந்தது ஏப்ரல் தொடக்கத்தில், சூடேற்றும் குழாய்களில் இன்னும் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தபோது. இரண்டாம் மாடிக்காரர், டாக்சி ஓட்டுகிறார், மனைவி போனபின் தனியாக இருக்கிறார். திருடிய கோழியைப் போலக் கோட்டுக்குள் எதையோ ஒளித்து வைத்திருந்தார். நான் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துத் தயங்கி, பிறகு மேஜையில் வைத்தார்.

முழங்கை நீளப் பொம்மைப் பெண். உடம்பெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தலை மட்டும் கன்னங்கரேல். வார்த்தெடுத்த சுருள்முடியின் மேல் இரும்பு கேட்டுக்கு அடிக்கும் கறுப்பு வார்னிஷைத் யாரோ தடித்த தூரிகையால் அப்பியிருந்தார்கள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு இடது கன்னம் வழியாக மோவாய்வரை ஓடி அங்கேயே உறைந்திருந்தது. கண்களும் கறுப்பு; ஒன்று பெரியது, ஒன்று சின்னது. முகத்தின் ஒரு பாதி எதையோ பார்த்து அதிர்ந்ததுபோலவும், மறுபாதி அதை நம்பாததுபோலவும் இருந்தது.

"ஏண்ணே, தார் ரோட்டுல விழுந்து எந்திரிச்ச பொண்ணா இது?" என்றார் அக்கா.

"நான் அடிச்சதுதான்."

"அது தெரியுது. உங்க கராஜ் கேட்டும் இதே லட்சணத்துலதானே இருக்கு."

வழக்கமாக இதற்கு அவர் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பொம்மையைப் பார்க்காமல் சொன்னார்.

"எம் மக சைகலுக்கு நாலு வயசு அப்ப. இவளுக்கு மஞ்ச முடி, நீலக் கண்ணு. 'அப்பா, இவ ஏன் நம்ம யாரு மாதிரியும் இல்ல?'ன்னு கேட்டுச்சு புள்ள. நான் கேட்டுக்கு வார்னிஷ் அடிச்சிட்டிருந்தேன். தூரிகை கையில இருந்துச்சு. அடிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ராத்திரி பூரா அழுதுச்சு. சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு. என்கிட்ட பேசவே இல்ல. கெடுத்துட்டேன், புருல். அதுக்குன்னு இருந்தது அந்த ஒரே பொம்மைதான். அதுக்கப்புறம் அவளும் அந்தப் பேச்சை எடுக்கல, நானும் எடுக்கல."

பீட்டர்ஸ்பர்க்குக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்ட சைகல், ஆறு வருடம் கழித்து சனிக்கிழமை வருகிறாள். அவளுடைய மகளுக்கும் இப்போது நாலு வயது. தாத்தா இதுவரை பேத்தியைப் போன் திரையில்தான் பார்த்திருக்கிறார்.

"அவ மக கையிலயாவது இதை நல்லபடியா குடுக்கணும்," என்றார். "முடியுமா?"

"கம்பெனி மூஞ்சியை வெளிய கொண்டாந்துடறேன்," என்றார் அக்கா. "நீங்க கிளம்புங்க. கிளம்பறதுக்கு முன்னாடி வால் கொழுப்பு ஒரு கட்டி வாங்கிக் குடுத்துட்டுப் போங்க. நல்லதா. சூப்பு வைக்கிற மாதிரி."

அந்த வாரம் முழுவதும் பொம்மை, நீராவிக் குளியல் முடிந்து வந்தவளைப்போல் தலையில் துண்டுக் கொண்டையோடு குழாயின் மேல் சாய்ந்து கிடந்தது. வார்னிஷ் கொழுப்பில் குழைந்து, நாளுக்குக் கொஞ்சம் கழன்றது. சுருளின் பள்ளங்களில் இருந்ததை அக்கா தீக்குச்சியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். முதல் மஞ்சள் சுருள் வெளிப்பட்டபோது படிக்கட்டில் போகிறவர்களைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரே ஒரு குறை. இத்தனை வருட வெளிச்சத்தில் முகம் மஞ்சளாகப் பழுத்திருந்தது. வார்னிஷ் மூடியிருந்த இடம் மட்டும் பழுக்கவில்லை. அதனால் கன்னத்தில் அந்தச் சொட்டு ஓடிய பாதை வெளிறிய கோடாகத் தெரிந்தது. கண்களைச் சுற்றியும் அப்படியே, ஒன்று பெரிய வட்டம், ஒன்று சின்னது. சோப்பு, சோடா, பல்பொடி எதற்கும் அசையவில்லை.

"சனியன் போனாலும் நிழல் போகல பாரு," என்று திட்டிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை தொக்தோசுன் அண்ணன் வந்து பார்த்தார். நீலக் கண், மஞ்சள் முடி, ரோஜா உதடு. வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு," என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை, "நல்லா இருக்கு. ஆளுதான் தெரியல."

அக்கா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ரிப்பன் கட்டித் தருகிறேன், நாளைக்கு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை மதியம், அண்ணன் முகம் மழித்து, வண்டியைக் கழுவி, விமான நிலையத்துக்குப் புறப்பட்டுப் போனார். நான் அக்காவின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் ஒரு கை வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் மூன்று விரல் சிவப்பாகியிருந்தது. மேஜையின் ஓரத்தில் நீல ரிப்பனோடு பொம்மை. அப்போது அக்காவின் போன் அடித்தது. கை காலியில்லாததால் முழங்கையாலேயே ஒலிபெருக்கியில் போட்டார்.

"புருல் அத்தை! நான் சைகல். இறங்கிட்டோம். பெட்டிக்காக நிக்கறோம். அப்பா போனை எடுக்கவே மாட்டேங்கறார்."

"வண்டி ஓட்டிட்டிருப்பார்டி. ஓட்டும்போது அவர் போனைத் தொடவே மாட்டார், போலீசே வாழ்த்து சொல்லும். நல்லா வந்து சேந்தீங்களா?"

"அத்தை, எங்க வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு? ஒரு உதவி. போய்க் கரிமண்டையைத் தேடி எடுத்து வைங்க. அலமாரி மேல இருக்கும். பாப்பா விமானத்துல தூங்கவே இல்ல. 'கரிமண்டை முழிச்சிருப்பாளா, முழிச்சிருப்பாளா'ன்னு ஒரே கேள்வி."

"யாரு கரிமண்டை?"

"என் பொம்மை அத்தை! அப்பா எனக்காக முடிக்குக் கறுப்பு அடிச்சுக் குடுத்தாரே. கன்னத்துல கூட ஒரு கோடு ஓடியிருக்கும். அவ அழுத கண்ணீர் அதுன்னு பாப்பாகிட்ட கதை விட்டு வெச்சிருக்கேன். சாப்பிடலன்னா 'தாத்தா வீட்டுலேர்ந்து பெரிய கண்ணால பாக்கறா பாரு'ன்னு சொன்னா போதும், வாயைத் திறந்துடும்."

அக்காவின் கையில் இருந்த தூரிகை என் நாலாவது விரலுக்கு மேல் அப்படியே நின்றது.

"நீ அன்னைக்கு ராத்திரி பூரா அழுதியாமேடி?"

"அழாம? வார்னிஷ் காயல, ஒட்டும்னு சொல்லி அவளைத் தூக்கி அலமாரி மேல வெச்சிட்டார் அப்பா. கட்டிக்கிட்டுத் தூங்க விடல. எவ்ளோ கோவம் தெரியுமா எனக்கு? ... அத்தை, பெட்டி வந்துடுச்சு. வெக்கறேன். வாசல்லயே அவளை நிக்க வைங்க, சரியா?"

போன் அணைந்தது. பொம்மை தன் நீலக் கண்ணால் எங்கள் இருவரையும், யாரென்று தெரியாத பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த மனுஷன் இத்தனை வருஷம்..." என்று ஆரம்பித்தார் அக்கா.

"கம்பெனி குடுத்ததுதான் மூஞ்சி," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வாயை மூடு. அவங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரமாவது ஆகும். பாலத்துக்கிட்ட ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க."

"நகராட்சி நல்லா இருக்கட்டும்," என்றார். அக்கா நகராட்சியை வாழ்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கறுப்பு நகப்பூச்சுப் புட்டியை எடுத்து நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். "அது அசிட்டோனோட தங்கச்சி. மூஞ்சி உருகிடும். அங்க பாரு," என்று உச்சியிலிருந்த வாத்தைக் காட்டினார். பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். தொக்தோசுன் அண்ணனின் கராஜிலிருந்து, விளிம்பெல்லாம் பொருக்கு கட்டிய வார்னிஷ் டப்பாவோடு திரும்பினார். அதே கேட், அதே வகைக் கறுப்பு. வசந்தத்துக்கு வசந்தம் அண்ணன் அதைத்தான் அடிக்கிறார்.

"இது காய ரெண்டு நாள் ஆகுமே அக்கா," என்றேன். "குழந்தை கையெல்லாம் ஒட்டுமே."

"ஒட்டட்டும். அலமாரி மேல வைக்கட்டும். அதுவும் அழட்டும். அப்பதான் இவ அதே பொம்மை."

ரிப்பனை அவிழ்த்தார். விளக்கை இழுத்தார். வாரம் முழுவதும் தேய்த்துத் தேய்த்துத் திட்டிய அந்த வெளிறிய நிழலைக் கன்னத்தில் விரலால் தடவிப் பார்த்தார். நெற்றியில் தொடங்கி, இடது கன்னம் வழியாக, மோவாய்வரை. அண்ணனின் சொட்டு ஓடிய வழி அப்படியே இருந்தது. கண்களுக்கான வட்டங்களும் இருந்தன, பெரியதும் சின்னதும்.

தன்னிடமிருந்த மிக மெல்லிய தூரிகையை எடுத்து நெற்றியோரத்தில் முதல் கோட்டை இழுத்தார். முடியும் நெற்றியும் பிரியும் இடம், இழை பிசகாமல், கத்தி போல விழுந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். மூன்று சுருள்களை முடித்தார். மறுபடியும் பார்த்தார். பொம்மை இப்போதுதான் நல்ல அழகு நிலையத்துக்குப் போய்விட்டு வந்தவளைப்போல் இருந்தது.

"காசு குடுத்துப் பண்ணின மாதிரி இருக்கு," என்றார் வெறுப்பாக. கொழுப்பில் துணியை நனைத்து, போட்ட கோட்டை முழுக்கத் துடைத்து எடுத்தார்.

மெல்லிய தூரிகையைத் தள்ளி வைத்தார். டப்பாவோடு வந்திருந்த, மயிர் விறைத்த கேட் தூரிகையை எடுத்து வார்னிஷில் முக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொம்மையைத் தன் வலது கைக்கு மாற்றினார். தூரிகையை இடது கைக்கு.