எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லன்னு சொன்னவ நான்

மல்லிகா அக்கா காலையில போய்ட்டாங்க... ஹார்ட் அட்டாக்காம். ஒரகடத்துல எங்க கம்பெனி கேன்டீன்ல என்கூட பன்னெண்டு வருஷம் தட்டு கழுவினவங்க.

எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க, நான் அஞ்சாங்கிளாஸோட சரி.

எனக்குக் கல்யாணமான புதுசுல சுங்குவார்சத்திரத்துல அக்கா பக்கத்து வூடு. என் மொத புள்ள, பையன்... பொறந்த அன்னிக்கே மூச்சு முட்டிப் போய்ட்டான். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்புல ஓட்டை, குடல் மேல ஏறி நுரையீரல அமுக்கிடுச்சுன்னாங்க. துணியில சுத்திக் குடுத்தப்போ கையில வாங்கினது அக்காதான்.

எங்க அண்ணன் புள்ளைக்கும் அதேதான் ஆச்சு. ரெண்டையும் மூடி மறைச்சிட்டோம். வெளிய தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் வராதுன்னு பயம்.

போன வருஷம் என் பொண்ணு மாசமா இருந்தப்போ டாக்டரம்மா கேட்டாங்க, "குடும்பத்துல யாருக்காவது பொறவியிலயே கோளாறு இருந்துச்சா?"

சம்பந்தியம்மா பக்கத்துல நிக்கிறாங்க. "எங்க பக்கம் பொறக்கறதெல்லாம் குத்துக்கல்லு மாதிரி, டாக்டர்"னு சிரிச்சேன்.

இத அக்காகிட்ட பெருமையா வேற சொன்னேன். அவங்க சிரிக்கல. "சொல்லிடுடி. தெரிஞ்சாத்தான தேடிப் பாப்பாங்க."

நான் சொல்லல. அக்கா சொல்லிட்டாங்க... என் பொண்ணுகிட்டயே.

அன்னிக்கு சாயங்காலம் பொண்ணு வந்து கேட்டா, "அம்மா, எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் இருந்தானா?"

மறுநாள் கம்பெனி பஸ்ல எல்லார் எதிர்லயும், "மல்லிகாக்கா இருந்தா ஊருக்கு மைக்செட்டே வேணாம்"னேன். பஸ்ஸே சிரிச்சது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கினாங்க. அன்னியிலருந்து நான் வேற சீட்டு, வேற ஷிஃப்ட்.

பொண்ணு டாக்டரம்மாகிட்ட உண்மைய சொல்லிட்டா. எல்லார் வூட்லயும் தொடராது, சில குடும்பத்துல வரும்னாங்களாம். திரும்ப பெரிய ஸ்கேன் எடுத்தாங்க. வயித்துல இருக்கிற புள்ளைக்கும் அதே ஓட்டை.

முன்னாடியே தெரிஞ்சதால மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியிலயே பிரசவம். நாலாம் நாள் ஆபரேஷன். பேரன் பொழச்சிக்கினான்.

"கொழந்த எப்பிடி கீது?"ன்னு அக்கா ஆள் மூலமா கேட்டு அனுப்பினாங்க. ரெண்டு வாட்டி. நான் பதிலே சொல்லல. கோவம்லாம் இல்ல... எந்த மூஞ்ச வெச்சிக்கினு போய் நிக்கிறது.

இன்னிக்கு குன்றத்தூர்ல அவங்க வூட்டுக்குப் போனேன். சாவு வூட்டுக்குக் கைக்கொழந்தய தூக்கினு போகக் கூடாதுன்னுட்டாங்க. தனியாத்தான் போனேன்.

அக்கா... பேரனுக்கு எட்டு மாசம் ஆவுது. நல்லா கீறான். நல்லா மூச்சு வுடறான்.

போய்ட்டு வாங்க அக்கா.