கண்ணைக் கழற்றி வைத்த கெமரா

எங்கள் கெமராவின் லென்ஸ், இனிப்பு வட்டிலப்பம் பரிமாறும் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் ராத்தா முதலில் கேட்பது ஒரு வெறும் கிண்ணத்தைத்தான். அதில் கைக்குட்டையை விரித்து, மணமகளின் உம்மாவுக்கு முன்னால் வைப்பார். படம் பிடிக்காத நேரமெல்லாம் கெமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி, எல்லோரும் பார்க்க அதற்குள் போட்டுவிடுவார். "இப்ப இதுக்குக் கண் இல்ல. முக்காட்ட எடுத்துப்போட்டு ஆறுதலா இரிங்க" என்பார். பெண்கள் சிரித்துக்கொண்டே முக்காட்டைத் தளர்த்துவார்கள்.

அக்கா முறைக்கு ராத்தா என்று கூப்பிட்டாலும் கூடப் பிறந்தவரல்ல. என்னைவிட மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான். ஏறாவூர்ப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதியைப் படம் பிடிப்பது எங்கள் இருவரின் தொழில். கெமரா அவர் கையில், கணினி வேலை என் கையில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் விருந்தாட்களோடு பேசுவதும் அவர்தான்.

முதலில் எங்களிடம் இருந்தது ஒரு பழைய பெரிய கெமரா. உள்ளே கண்ணாடி எழும்பி விழும் ஓசைக்கு மணமகள் திடுக்கிடுவாள். சத்தமில்லாத சிறிய கெமரா ஒன்று வாங்க மட்டக்களப்புக்குப் போனோம். எனக்குப் பிடித்தது கைப்பைக்குள் போடக்கூடிய ஒன்று. லென்ஸ் அதோடேயே பொருத்தப்பட்டது, தூசி போகாது, ஒரு தொல்லையும் இல்லை. ராத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுட கண்ணக் கழட்டேலுமா?"

ஏலாது என்றார் கடைக்காரர். அப்படியென்றால் வேண்டாம் என்று கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய சின்னக் கெமராவைக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லென்ஸைக் கழற்றினால் இதன் சென்சர் வெட்டவெளியில் கிடக்கும், வாவிக் காற்றின் உப்பும் கல்யாண வீட்டுப் பவுடரும் சாம்பிராணிப் புகையும் நேரே அதில் போய் ஒட்டும் என்று கடையில் வைத்தே சண்டை பிடித்தேன். கடைக்காரரும் என் பக்கம்தான்.

"படத்துல புள்ளி விழுந்தா நீ அழிப்பாய் புள்ள. பொம்புளையள்ட மனசுல விழுந்தா ஆர் அழிக்கிற?" என்றார் ராத்தா. அதோடு பேச்சு முடிந்தது.

அவருக்கு இன்னொரு விதியும் இருந்தது. பெண்கள் பகுதிக்குள் போகும்போது எங்கள் போன் இரண்டும் வாசற்கூடைக்குள் போய்விட வேண்டும். ஒரு நாள் நான் போடவில்லை. மகனுக்குக் காய்ச்சல், வீட்டிலிருந்து அழைப்பு வரலாம் என்று அபாயாப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ராத்தாவிடம் சொல்லவுமில்லை.

அன்று லென்ஸ் கிண்ணத்துக்குள் கிடந்தது. மணமகள் கூந்தலை விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பூச்சரத்தைச் செருகிக் கொடுத்த ராத்தாவின் முக்காடு தோளில் விழுந்திருந்தது. யாரோ என்னவோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தார். ஊரையெல்லாம் படம் பிடித்த அவர் அடையாள அட்டைக்குத் தவிர எந்தக் கெமராவுக்கு முன்னாலும் இருந்ததில்லை. ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. போனை எடுத்து, அவரை மட்டும், ஒரேயொரு தரம் பிடித்தேன்.

அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. கதவு படபடவென்று தட்டப்பட்டது. மணமகளின் கூடப்பிறந்த காக்கா வெளியே நின்று கத்தினார். "உள்ளுக்கிருந்து தங்கச்சிட படம் வெளிய வந்திரிக்கி! முடியத் திறந்து போட்டுக்கிட்டு இரிக்கிற படம்! ஆர்ர வேல இது?"

எல்லாக் கண்களும் எங்கள் பக்கம் திரும்பின. மணமகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ராத்தா மட்டும் அசையவில்லை.

"லென்ஸ் ஒங்கட கிண்ணத்துக்குள்ள கெடக்கு மாமி. எங்கட போன் ரெண்டும் வாசல் கூடைக்குள்ள. தேடிப் பாருங்க" என்றார் மணமகளின் உம்மாவிடம்.

பைக்குள் போன் கல்லாகக் கனத்தது. என்னிடம் இருப்பது வேறு படம் என்றால் யார் நம்புவார்கள்? எடுத்தது நான், போகப்போவது ராத்தாவின் பெயர். ஊரில் ஒரு வீட்டுக் கதவும் இனி அவருக்குத் திறக்காது. ஒவ்வொருவராகப் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். எனக்கு முன்னால் மூன்று பேர், பிறகு இரண்டு பேர். அப்போதுதான் மணமகளின் அண்ணி முறையான மச்சி விம்மத் தொடங்கினாள். கட்டாரில் இருக்கும் தன் புருசனுக்கு அனுப்பிய படம் கைதவறிக் குடும்பக் குழுவுக்குப் போய்விட்டதாம். தேடுதல் என்னிடம் வரவில்லை.

மாலையில் ராத்தாவின் வீட்டு முற்றத்தில் போனை அவரிடம் நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"நான் சிரிச்சா இப்பிடியா இரிக்கும்?" என்றார். பிறகு, "அழி."

அவர் கண்முன்னாலேயே அழித்தேன். ஒரு சொல் ஏசவில்லை. அடுத்த கல்யாண வீட்டில் கெமராவை என்னிடம் தந்து, "இனிமே லென்ஸ நீயே கழட்டி வை" என்றார். அது தண்டனையா நம்பிக்கையா என்று நான் கேட்கவில்லை.

அழித்த படம் போனில் ஒரு மாதம் ஒளிந்து கிடக்கும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்தேன். மிச்ச நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு தரம் விரலால் தொட்டால் போதும், படம் திரும்பி வந்துவிடும். கடைசி நாள் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வேண்டுமென்றே உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ராத்தா மௌத்தாகி அடக்கமானார். கெமராவும் புள்ளி விழுந்து, நான் சொன்னபடியே பாழாகிப்போனது. சென்ற கிழமை புதிதாக ஒன்று வாங்க அவருடைய மகளையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனேன். வருகிற மாதம் அவளுக்குக் கல்யாணம், நான்தான் படம் பிடிக்க வேண்டுமாம். கடைக்காரர் கைப்பைக்குள் போடக்கூடிய ஒன்றை எடுத்து வைத்தார். இதன் கண்ணைக் கழற்ற ஏலுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வேறொன்றை எடுத்து, லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தார். மகள் அதைக் கையில் எடுத்தாள்.

"சாச்சி, உம்மா சிரிக்கிற மாதிரி ஒரு படம் ஒங்களிட்டயாவது இரிக்கா? எங்களிட்ட அடையாள அட்டப் படம் மட்டும்தான்."

"இல்ல மகள்" என்றேன்.

அது சத்தியமான பதில். அது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. கடைக்காரர் கெமராவைப் பெட்டிக்குள் அடுக்கி முடிக்கும்வரை அவள் லென்ஸை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு நின்றாள்.