சேவியர் சேர்த்ததை விற்ற பிலோமினா

செவ்வாய்க்கிழமை காலை, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிலோமினாவின் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன். "பிலோமினா ஆன்ட்டி ஹோக்பிட்ரு அம்மா" என்றார். கன்னடத்தில் கேட்டது காதில் ஏறிவிட்டது. அதைத் தமிழில் 'போய்விட்டாள்' என்று சொல்லிப் பார்க்கத்தான் மனம் வெகுநேரம் ஒப்பவில்லை.

தொலைபேசி நிலையத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கும், அவளிடம் படச்சுருள் வாங்கியவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். முதலாமவர்களுக்கு அவள் குரல் தெரியும். இரண்டாமவர்களுக்கு அவள் பேரம் தெரியும். அவளை 'அவர்' என்று எழுதினால் அவளே சிரிப்பாள், அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

அவள் கணவர் சேவியர் தொழிற்சாலையில் ஃபிட்டர். சம்பளத்தில் ஒரு பங்கு பழைய படச்சுருள்களுக்குப் போகும். டிவி வராத காலத்தில் வசதியானவர்கள் வீட்டுச் சுவரில் போட்டுப் பார்த்த எட்டு மில்லிமீட்டர் படங்கள் அவை. கார்ட்டூன், ஊமைக் காமெடி, ரயில், சர்க்கஸ் எல்லாம் உள்ளங்கை அகலத் தகர டப்பாக்களில் இருக்கும். கண்டோன்மெண்ட்டில் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாடு போன குடும்பங்களிடமும், ஏலக் கடைகளிலும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் வாங்கிச் சேர்த்தார். அவர் இறந்தபோது ஃப்ரேசர் டவுன் வீட்டின் ஒரு படுக்கையறை முழுக்க டப்பாக்கள்தான்.

ஒரு வருஷம் கழித்து, எல்லாவற்றையும் விற்கப்போவதாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சேவியர் ஆசை ஆசையா சேத்ததுடீ" என்றேன்.

"சேக்கறதுல அவருக்கு சந்தோஷம், சரோ. அது முடிஞ்சிபோச்சு. சும்னே ரூம்ல வெச்சிக்கினு நான் காவல் காக்கணுமா? விக்கிறதுல எனக்கு சந்தோஷம் இருக்குதான்னு பாக்கறேன்."

இருந்தது. ஏராளமாக இருந்தது. சேவியர் புரொஜெக்டர் ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தே கற்றிருந்தாள். இணையத்தில் விளம்பரம் கொடுத்தாள். ஆனால் பார்க்காமல் வாங்க யாரையும் விடமாட்டாள். வைட்ஃபீல்டிலிருந்து ஓர் இன்ஜினியர், "கொரியர்ல அனுப்பிடுங்க ஆன்ட்டி, டிராஃபிக்ல வர முடியாது" என்றார். "படம் அம்பது வருஷம் காத்துக்கினு இருந்துச்சி. நீங்க ரெண்டு மணி நேரம் வண்டியில உக்கார மாட்டீங்களா?" என்று கேட்டாள். மனுஷன் சனிக்கிழமையே வந்துவிட்டார்.

விற்கும்போது குறையைத்தான் முதலில் சொல்வாள். "நடுவுல கோடு இருக்கு." "கலர் போயி எல்லாம் செவப்பாயிடுச்சு." "மூந்து பாருங்க, வினிகர் வாடை வருதா? இது ஜாஸ்தி நாள் தாங்காது." ஏன் இப்படி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "குறையை நான் சொல்லிட்டேன்னா, நல்லதை அவங்களே தேடிப் பாத்துக்குவாங்க" என்றாள். அப்படித்தான் நடந்தது. வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அப்புறம் சென்னையிலிருந்து ஒரு பெரிய சேகரிப்பாளர் வந்தார். மிச்சமிருந்த அத்தனையையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சொன்ன விலையும் நல்ல விலை. ஒரே நிபந்தனை, பெயர் ஒட்டாத டப்பாக்களும் அதில் சேரவேண்டும். அவற்றில் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். யாரோ வீட்டுக் கல்யாணம். கலர் அப்படியே இருந்தது. மாதா கோவில் படிக்கட்டில் வெள்ளைச் சேலையில் ஒரு மணப்பெண், பக்கத்தில் மெலிந்த மாப்பிள்ளை. ஒரு ஹாலில் பேண்ட் வாசிக்கிறார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர் பெண்ணின் கையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார். சேகரிப்பாளர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

பிலோமினா விளக்கைப் போட்டாள். "இதைத் தர முடியாது சார். இது அவங்க வீட்டுப் படம். மொதல்ல அவங்களைத் தேடணும்."

"மேடம், இவங்க யாருன்னே உங்களுக்குத் தெரியாதே!"

"எனக்குத் தெரியலன்னா, அவங்க யாரும் இல்லாதவங்களா ஆயிடுவாங்களா?"

மாதக் கடைசி வரை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

படிக்கட்டை பிலோமினாவுக்கு அடையாளம் தெரிந்திருந்தது. அவள் பூசைக்குப் போகும் பங்குக் கோவிலின் படிக்கட்டுத்தான். ஃபாதரிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோவில் ஹாலில் படத்தை ஓட்டினாள். மீசைக்காரர் ஆடத் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "ஏய், அது நம்ம பேண்ட் மாஸ்டர் ஆரோக்கியம்!" என்று கத்தினார். மாஸ்டர் போய்ப் பல காலம் ஆகிறதாம். ஆனால் அவர் மகள், அந்த மணப்பெண், இருக்கிறார். பெயர் தெரசா. பொம்மனஹள்ளியில் மகன் வீட்டில்.

அடுத்த வாரம் மகனே ஆட்டோவில் கூட்டிவந்தார். எண்பதை நெருங்கும் ஒல்லியான அம்மாள். அப்பா ஆடுவதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஷூவைப் பாரு, ஷூவைப் பாரு! முந்தின நாள் பூரா பாலிஷ் போட்டாரு" என்று மகனின் தொடையைத் தட்டினார். அடுத்து மாப்பிள்ளை நெருக்கத்தில் வந்தார். தெரசாம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நிறுத்தும்மா."

பிலோமினா நிறுத்தினாள்.

"இவன் வயித்துல இருக்கறப்பவே போனவன் அந்த ஆளு. திரும்பிப் பாக்கல. எனக்கு எங்கப்பா ஆடினது வேணும். அவன் வேணாம். வெட்டிடுவியா?"

நான் பதறிவிட்டேன். படத்தை வெட்டித் திரைச்சீலையாகத் தொங்கவிட நினைத்த ஒரு கடைக்காரரை இதே பிலோமினா வாசலோடு திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அவள் கையைப் பிடித்து, "வேணாம்டீ, சேவியர் இருந்தா ஒத்துக்குவாரா?" என்றேன்.

"சேவியர் இதைக் காசு குடுத்து வாங்கினாரு. இவங்க இதுல வாழ்ந்திருக்காங்க. யாரு பேச்சைக் கேக்கறது, சொல்லு" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெட்டி ஒட்டினாள். ஓரிடத்தில் மட்டும் முடியவில்லை. அப்பாவும் பெண்ணும் ஆடும்போது மாப்பிள்ளை பின்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அதை எடுத்தால் ஆட்டமும் போய்விடும். பிலோமினா அதை உள்ளபடி சொன்னாள். தெரசாம்மா சுருளை வாங்கித் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓரத்துலதான நிக்கிறான்? நின்னுட்டுப் போறான், வுடு."

வெட்டி எடுத்ததை பிலோமினா தனி டப்பாவில் போட்டு மகனிடம் நீட்டினாள். "இதுவும் உங்களுதுதான் தம்பி. என்னா செய்யணும்னு நீங்க முடிவு பண்ணுங்க." அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தார். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சின்ன புரொஜெக்டர் ஒன்றும் அவர்களோடு ஆட்டோவில் போயிற்று.

சேகரிப்பாளருக்குக் கோபம் தாங்கவில்லை. "அபூர்வமான படம் மேடம். கெடுத்துட்டீங்க" என்றார். மொத்த வியாபாரமும் முறிந்தது. நான் கவலைப்பட்டேன். அவளோ, "நல்லதுதான். ஒரே நாள்ல எல்லாத்தையும் வித்துட்டா அப்புறம் யாரு என் வீட்டுக்கு வருவாங்க?" என்று காபி போடப் போனாள். சில மாதம் கழித்து அதே மனிதர் ஒரு சர்க்கஸ் படம் கேட்டு வந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்த அம்மா படத்தைப் பாக்கறாங்களா?" என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை" என்றாள் பிலோமினா.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைசிச் சுருளும் விற்றுப்போனது. காலியான அறையில் அவள் அழுவாள் என்று நினைத்துத் துணைக்குப் போனேன். சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்க ஆள் பேசிக்கொண்டிருந்தாள்.

அடக்கத்துக்குக் கனடாவிலிருந்து வந்த பிலோமினாவின் மகள், கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தாள். வைட்ஃபீல்ட் இன்ஜினியர், படம் வாங்க மைசூரிலிருந்து வந்துபோகும் ஒரு டாக்டர், பொம்மனஹள்ளியிலிருந்து தெரசாம்மாவும் மகனும். "யாரு ஆன்ட்டி இவங்கள்லாம்? அம்மா தனியா இருக்காங்கன்னுல்ல நான் நெனச்சினு இருந்தேன்" என்றாள். "உங்கம்மாவோட கஸ்டமருங்கம்மா" என்றேன். அவள் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கைகொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த மாலை, அவளிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். "பயமா இருக்குதாடீ?"

"எதுக்கு பயம்? கைல இருந்ததெல்லாம் அதது வேணுங்கறவங்க கிட்ட போய்ச் சேந்துடுச்சி. கை வீசிக்கினு போறேன்."

அவளிடமிருந்து எனக்கென்று பொருள் எதுவும் நான் எடுத்து வைக்கவில்லை. அந்தப் பதிலைத்தான் வைத்திருக்கிறேன். நேற்று என் பீரோவைத் திறந்தேன். எது யாருக்கு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.