வேன்காரரின் ஆனா ஆவன்னா

மழலை வகுப்பு டீச்சருக்குப் பதினெட்டு வருஷ அனுபவம். அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தக் குழந்தை முதல் எழுத்துக்கு வாய் திறந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் திறந்திருக்கும். இந்த வருஷம் வந்த பதினாலு உருப்படிகளிடம்தான் அந்தப் பெருமை பலிக்கவில்லை. கைக்கண்ணாடி காட்டியாயிற்று, விரல் சொடுக்கியாயிற்று. 'அ' என்று வெடுக்கென்று நிறுத்தச் சொன்னால், பதினாலும் கொட்டாவி விடுவதுபோல் 'ஆ...' என்று இழுத்தன. வெள்ளிக்கிழமை பெற்றவர்கள் வந்து கேட்கப் போகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் நின்றவர் காதில் அது விழுந்தது. பள்ளி வேன் மேட்டிலிருந்து இறங்கும்போது உள்ளே 'ஆ...' என்று ஒரே நீட்டம். வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்க, 'அ', 'அ' என்று இரண்டு வெட்டு. பிசகே இல்லை.

"தினமும் இதே கூத்துதான் டீச்சர்" என்றார் ஆயா. "பேத்தி பொறந்ததிலேர்ந்து அந்த வேன்கார மனுஷன் தரையில நடக்கறதில்ல. வீட்டுல ரெண்டு மாசக் குழந்தைகிட்ட 'அ', 'ஆ'ன்னு பேசிப் பழகி, இங்க வந்து இதுங்களையும் கிளப்பி விட்டுடறாரு."

டீச்சருக்கு வயிறு பற்றி எரிந்தது. படித்த படிப்பென்ன, வாங்கிய சான்றிதழென்ன, கடைசியில் கியர் போடுகிற ஆளிடமா தோற்பது? நேரே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய், வேனில் ஒரே கூச்சல், ஓட்டுகிறவருக்குக் கவனம் சிதறும் என்று போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை வேன் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. வகுப்பிலும் பதினாலு வாயும் பூட்டிக்கொண்டன. ரெட்டைச் சடைக்காரி மட்டும் கேட்டாள்: "சத்தம் போட்டா வேன் மாமாவைத் திட்டுவாங்களாம். சொல்லவா, வேணாமா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. மத்தியானம் வேனடிக்குப் போனார். வேன்காரர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரோ வயித்தெரிச்சல் புடிச்சவங்க வத்தி வெச்சிட்டாங்க டீச்சர்."

"நான்தான் வெச்சேன்."

துணி நின்றது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைமை ஆசிரியையிடம் தானே போய்ச் சொல்லி வேனில் சத்தம் கூடாதென்ற உத்தரவை எடுத்துவிடுவதாகச் சொன்ன டீச்சர், எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று விழுங்கி விழுங்கிக் கேட்டார். தான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, உடம்பு குலுங்கினால் சத்தம் தானாக வெட்டும், சறுக்கினால் தானாக நீளும், மடியில் போட்டு மெல்ல ஆட்டினால் பேத்தியும் அப்படித்தான் என்றார் அவர். பேத்தி என்றதும் கோபம் போன இடம் தெரியவில்லை. கைப்பேசியில் ஏழெட்டுப் படம் காட்டிய பிறகுதான் டீச்சரை விட்டார்.

வெள்ளிக்கிழமை பெற்றவர்கள் வந்தபோது வகுப்பில் நாற்காலிகள் இரண்டிரண்டாக வேன் போல நின்றன. முன்னால் டீச்சர், கையில் சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டியரிங். சரிவு வந்தது, 'ஆ...' வேகத்தடை வந்தது, 'அ'. பதினெட்டு வருஷத்தில் பெற்றவர்கள் இப்படிக் கை தட்டியதில்லை.

ரெட்டைச் சடைக்காரி பின்னாலிருந்து எட்டி டீச்சர் காதில் சொன்னாள்: "நல்லாத்தான் ஓட்டறீங்க. ஆனா வேன் மாமா மாதிரி வராது."

மறுபடியும் எரிந்தது. டீச்சர் தட்டை இறுகப் பிடித்து, இன்னொரு வேகத்தடை மேல் வண்டியை ஏற்றினார்.