டிவிஷன் கேட்ட துரைராசு

பேசிக்கொண்டிருப்பவருக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் நடுவே துரைராசு நடக்கமாட்டார். வலங்கைமான் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஹாஜா மைதீனின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கே ஒரு பெண் வாரிசுச் சான்றிதழுக்கு எத்தனை நகல் வைக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தால், வாசல்வரை வந்துவிட்ட துரைராசு அப்படியே நின்றுவிடுவார். ரொம்ப நேரம் பேசுகிற பெண் என்றால் இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, லேமினேஷன் மெஷினை உரசியபடி ஓரமாகச் சுற்றிப்போய்த் தன் ஸ்டூலைப் பிடிப்பார். எழுபத்து நான்கு வயது முழங்கால் இதற்குச் சம்மதிப்பதில்லை. "பேசுறவங்களுக்கும் தலைவருக்கும் குறுக்க போவக் கூடாதுங்க. ரூல்" என்பார். தலைவர் என்பது ஹாஜா மைதீன். கடைக்காரருக்கு அந்தப் பதவியில் வருத்தம் ஒன்றுமில்லை.

முப்பத்தொன்பது வருடம் டெல்லியில் நாடாளுமன்ற மேலவையில் கடைநிலை ஊழியராக இருந்தவர் துரைராசு. கதவைத் திறப்பது, சாத்துவது, காகிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, தொண்டை கட்டிய உறுப்பினருக்குத் தண்ணீர் வைப்பது. ஓய்வுபெற்று ஊருக்கு வந்து பதினான்கு வருடமாகியும் காகிதத்தை அவர் மடிப்பதில்லை. ரேஷன் கார்டு நகலாக இருந்தாலும் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தித்தான் கொடுப்பார். வாங்குகிறவர்கள் பயந்துபோய்த் தாங்களும் இரண்டு கையை நீட்டுவார்கள்.

வீட்டில் நாடாளுமன்ற சேனல் ஓடுகிறது, சத்தமில்லாமல். உறுப்பினர்களை அவர் பார்ப்பதில்லை. "அந்தா, இடது ஓரம் தூண் பக்கத்துல நிக்கிறான் பாருங்க, அவன் நான் சேர்த்துவிட்ட பையன். தோளைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான். சொன்னா கேக்கணும்ல?" என்று திரையின் மூலையைத் திட்டுவார். அவர் மனைவி மங்களாம்பிகை அம்மாளுக்கு வேறொரு குறை. "முப்பத்தொம்பது வருசம் கதவு சாத்துற வேலை. வீட்டுல ஃபிரிட்ஜ் கதவை ஒருநாள் சாத்துனதில்ல" என்றார் என்னிடம். துரைராசு என் நோட்டுப் புத்தகத்தைக் கண்ணால் காட்டி, "அதை எழுதாதீங்க. அவைக்குறிப்புலேருந்து நீக்கியாச்சு" என்றார். அந்த அம்மாள் அடுப்படியிலிருந்து இன்னொரு வாக்கியம் சொன்னார். அதுவும் நீக்கப்பட்டது.

ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று கேட்டேன். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"கல்யாணம் மாதிரிதாங்க. மொதல்ல மசோதா வந்திருக்குன்னு அவைல சொல்லணும், அது பொண்ணு பாக்குறது. அப்புறம் நல்லதா கெட்டதான்னு பொதுவா பேசுவாங்க. சில நேரம் கமிட்டிக்கு அனுப்புவாங்க, அது ஜாதகம் பாக்குறது. மாசக்கணக்கா கெடக்கும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு பிரிவா எடுத்து, இது இருக்கட்டுமா வேணாமான்னு கேப்பாங்க. அது சீர் பேசுறது. சண்டையெல்லாம் அங்கதான் வரும். கடைசில ஓட்டு. கீழவைல தாலி கட்டுன மசோதாவுக்கு மேலவைல இன்னொரு தடவை மொதல்லேருந்து எல்லாம் நடக்கும்."

"போர்க்காலத்தில்?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம்" என்றார்.

எழுபத்தொன்று டிசம்பரில் சண்டை மூண்டபோது அவருக்கு இருபது வயது. கரோல்பாக்கில் இருந்த சித்தப்பா தயவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கம்பளிச் சட்டை அவருக்கு இரண்டு சுற்றுப் பெரியது. இந்தியில் நாலே சொல் தெரியும்: ஆமாம், இல்லை, தண்ணீர், அடைத்திருக்கிறது. நான்குக்குப் பின்னாலும் ஒரு 'ஜி' சேர்த்துக்கொண்டால் மரியாதை என்று சித்தப்பா சொல்லிக்கொடுத்திருந்தார்.

இனி வருவது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. துரைராசு சொல்வதுதான் ஆதாரம். சண்டை மூண்ட மறுநாளா, அதற்கடுத்த நாளா என்பதில் அவருக்கே சந்தேகம் உண்டு.

நாட்டுப் பாதுகாப்புக்கென்று ஒரு மசோதா கீழவையில் நிறைவேறி மத்தியானத்துக்குமேல் மேலவைக்கு வந்தது. நகல்களில் மை காயவில்லை. எடுத்துக் கொடுத்த துரைராசின் பத்து விரலும் கறுத்துவிட்டன. சண்டைக் காலமாயிற்றே, பத்து நிமிடத்தில் எல்லாரும் ஆமாம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு வயதான உறுப்பினர் எழுந்தார். மெலிந்த உடம்பு, மப்ளர். இந்தச் சட்டம் எத்தனை நாளைக்கு உயிரோடு இருக்கும், சண்டை முடிந்த பிறகும் இதை வைத்து ஆளைப் பிடித்து உள்ளே போடுவீர்களா என்று கேட்டார். துரைராசுக்கு அது பிற்பாடு ஒரு தமிழ் உறுப்பினர் சொல்லித்தான் தெரியும். அப்போது அவருக்குக் கேட்டது கூச்சல் மட்டுமே. நாலு பக்கமிருந்தும் அந்த வயதானவரை உட்காரச் சொல்லிக் கத்தினார்கள்.

"தலைவர் மணியைத் தட்டுனாருங்க. அந்தாளை உக்காரச் சொல்லத்தான் தட்டுறாருன்னு நெனைச்சேன். கத்துறவங்களை உக்காரச் சொன்னாரு. அந்தாளு இருபது நிமிசம் பேசுனாரு. எனக்கு ஒரு எழுத்து புரியல. ஆனா எல்லைல குண்டு விழுந்துக்கிட்டிருக்கு, இங்க ஒத்த ஆளு பேசி முடிக்கட்டும்னு அத்தனை பேரும் உக்காந்திருக்காங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

பேசியதோடு விடவில்லை அந்த உறுப்பினர். ஒரு திருத்தம் கொடுத்தார். குரலை வைத்து 'இல்லை' பக்கம்தான் பலம் என்று தலைவர் அறிவித்ததும், 'டிவிஷன்' என்றார். டிவிஷன் என்றால் சத்தத்தை நம்பாமல் தலையை எண்ணுவது. மணி அடிக்கும். கட்டடத்தில் எங்கிருந்தாலும் உறுப்பினர்கள் ஓடிவர வேண்டும். மணி நின்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் ஈ எறும்பு நுழையக் கூடாது.

மணி நின்றது. துரைராசு தன் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். நிமிர்ந்தால் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு துணை மந்திரி. கையில் பாதி கடித்த சமோசா. "கோலோ!" என்று கத்துகிறார். திறக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. பதிலுக்குத் துரைராசிடம் இருந்ததே ஒரு சொல், அடைத்திருக்கிறது.

"பந்த் ஜி" என்றார்.

மந்திரி கண்ணாடியைத் தட்டினார். "பந்த் ஜி." மந்திரி தன் சட்டையைத் தொட்டு, தான் யார் என்று சொன்னார். "பந்த் ஜி." துரைராசுக்கு அழுகை வந்துவிட்டதாம். ஆனால் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. திருத்தம் தோற்றது, மசோதா அன்றைக்கே நிறைவேறியது, அவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் அந்த மந்திரியே தாழ்வாரத்தில் அவரை நிறுத்தி, பக்கத்திலிருந்தவரைக் கொண்டு எந்த ஊர் என்று கேட்கச் சொன்னார்.

"வலங்கைமான்னேன். அது எங்க இருக்குன்னாரு. கும்பகோணத்துக்குப் பக்கம்னேன். அந்த ஊர்ல திருடனே இருக்கமாட்டான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார் துரைராசு. ஹாஜா மைதீன் இந்தக் கதையை எத்தனையாவது முறை கேட்கிறாரோ, "பந்த் ஜி" வருகிற இடத்தில் மட்டும் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிடுகிறார்.

நான் அவரை முதலில் பார்க்கப் போனது மே மாதத்தில், எல்லையில் மறுபடி சண்டை மூண்ட வாரம். செல்போனில் எல்லாரும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு எங்க ஊர்ல சங்கக் கூட்டம். நீங்களும் வந்து பார்வையாளர் மாடத்துல உக்காருங்க. கை மட்டும் தட்டக் கூடாது" என்றார். பார்வையாளர் மாடம் என்பது உர மூட்டை அடுக்கு.

வலங்கைமானுக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டரில் அவர் ஊர். அங்கே விவசாயிகள் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு களம் இருக்கிறது, சிமெண்டுத் தரை போட்டது. கோடை நெல்லோ குறுவையோ, அறுத்த நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். காயவைக்கச் சின்ன விவசாயிகளுக்கு அந்தக் களத்தை விட்டால் தார் ரோடுதான். சங்கத் தலைவர் மதிவாணன் அந்தக் களத்தைக் கிடங்கு கட்டும் ஒரு கம்பெனிக்குப் பதினைந்து வருடக் குத்தகைக்கு விட நினைத்தார். அவர் கெட்டவரில்லை. அவசரக்காரர். அவருக்குச் சொந்தமாகவே ஒரு களம் இருந்தது.

கூட்டம் சங்கத்தின் தகரக் கொட்டகையில், வெயில் தாழ்ந்த நேரத்தில் தொடங்கியது. எழுபது பேர் இருப்பார்கள். மதிவாணன் முதலில் ராணுவ வீரர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் என்றார். எழுந்து நின்றோம். பிறகு குரல் தழுதழுக்க, "எல்லைல நம்ம புள்ளைங்க உசுரைக் குடுத்து நிக்கிறாங்க. இந்த நேரத்துல ஊரு ஒத்துமையா இருக்கணும். தீர்மானம் ஒண்ணு, வீரர்களுக்கு வணக்கம். தீர்மானம் ரெண்டு, வாய்க்கால் தூர்வார மனு. தீர்மானம் மூணு, களத்தைக் குத்தகைக்கு விடுறது. ஆதரிக்கிறவங்க நம்ம வீரர்களை நெனைச்சு பலமா ஒருதடவை கை தட்டுங்க!" என்றார்.

தகரம் அதிரக் கைதட்டல். யார்தான் தட்டமாட்டார்கள்? என் கைகூட எழுந்தது. சட்டம் ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டேன்.

"டிவிஷன்!" என்றது ஒரு குரல்.

துரைராசு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"பெரியப்பா டென்ஷனாயிட்டாரு, தண்ணி குடுங்கப்பா" என்றார் யாரோ. ஒரு சொம்பு கைமாறி வந்தது. துரைராசு அதை வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி, "டென்ஷன் இல்ல, டிவிஷன். தலைய எண்ணணும். மூணு தீர்மானத்தையும் ஒண்ணா கட்டக் கூடாது, தனித்தனியா வைக்கணும்" என்றார்.

மதிவாணனுக்கு முகம் சுருங்கியது. "நாட்டுல சண்டை நடக்குது பெரியப்பா. இப்பப் போயி கேள்வி கேட்டுக்கிட்டு..."

"தம்பி, எழுபத்தொண்ணுல இதைவிடப் பெரிய சண்டை. நெசமான மசோதா. அதுக்கே கேள்வி கேட்டாங்க, நான் பாத்தேன். நம்ம களத்துல குண்டு விழலப்பா. நெல்லுதான் காயுது."

கொட்டகையில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஓயுமுன் பின்னாலிருந்து பூவம்மாள் எழுந்தார். இரண்டு மா நிலம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். "நானும் கைதட்டுனேன். மிலிட்டரிக்குன்னு நெனைச்சுத் தட்டுனேன். களம் போச்சுன்னா எங்க நெல்ல எங்க கொட்டுறது? போன தடவை ரோட்டுல போட்டேன், பஸ்ஸு ஏத்திட்டுப் போயிட்டான். பாதி அரிசியாத்தான் அள்ளுனேன்" என்றார்.

"கம்பெனிக்காரன் ஓரமா இடம் குடுப்பான்" என்றார் மதிவாணன்.

"எழுதிக் குடுத்திருக்கானா?" என்று கேட்டார் துரைராசு.

மதிவாணன் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தையும் புரட்டினார். "சரி, மொத ரெண்டுக்கும் யாரும் மறுப்பு சொல்லல. மூணாவதை எண்ணிடலாம்" என்றார்.

துரைராசு எல்லாரையும் வெளியே அழைத்து வந்தார். களத்தை விடலாம் என்பவர்கள் வலப்பக்கம், தென்னை மரத்தடிக்கு. விடக் கூடாது என்பவர்கள் இடப்பக்கம், ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் இருக்கும் போர் செட்டுக்கு. சொல்வது சுலபம். கைதட்டும்போது ஒரே ஆளாக இருந்த கூட்டம், நடக்க வேண்டும் என்றதும் எழுபது பேராக உடைந்துபோனது. சிலர் செருப்பைத் தேடினார்கள். சிலர் யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒருவர் தென்னையடிக்குப் பாதி தூரம் போய்விட்டு, போன் வந்ததுபோல் காதில் வைத்துப் பேசிக்கொண்டே போர் செட்டுக்குத் திரும்பிவிட்டார்.

மதிவாணனின் மனைவி வானதி பெயரிலும் நிலம் உண்டு. அவர் நேராகப் போர் செட்டுக்குப் போய் நின்றார். தென்னையடியிலிருந்து கணவர் முறைத்தார். "என்னத்துக்கு முறைக்கிறீங்க? நம்ம களத்துல உங்க நெல்லு காஞ்சு முடியிறதுக்குள்ள மழை வந்துடுது. எங்கப்பா குடுத்த நிலத்து நெல்லு இங்கதான் காயுது" என்றார் சத்தமாக.

எண்ணுகிற வேலை ஹாஜா மைதீனுக்கு. சங்கத்தில் அவரும் உறுப்பினர். முதலில் போர் செட்டுப் பக்கம் நின்று தன்னையும் சேர்த்து எண்ணினார். பிறகு தென்னையடியை எண்ணினார். விரல் நீட்டக் கூடாது என்று துரைராசு சொன்னதால் தலையை ஆட்டி ஆட்டி எண்ணினார். தென்னையடி இருபத்து மூன்று. போர் செட்டு நாற்பத்து நான்கு. தீர்மானம் விழுந்தது. மதிவாணன் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். துரைராசின் முகம் அந்த மடிப்புக்காகக் கொஞ்சம் சுளித்தது.

கூட்டம் கலைய இருந்த நேரம். "சார், ஒரு தலை குறையுதே. நோட்டுல அறுபத்தெட்டுக் கையெழுத்து இருக்கு" என்றார் ஹாஜா மைதீன்.

இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க, நடுவே வெற்றுத் தரையில் துரைராசு மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எந்தப் பக்கம்ணே?" என்று பூவம்மாள் கேட்டார்.

"நான் ஆபீஸ் ஆளும்மா. எனக்கு ஓட்டு கெடையாது" என்றார் துரைராசு. சொன்ன பிறகுதான் அது அவருக்கே சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும்.

"ஒங்க பேருல ஒரு மா இருக்குல்ல? வருசா வருசம் சந்தா கட்டுறீங்கல்ல?"

மற்றவர்கள் நடந்துபோக முப்பத்தொன்பது வருடம் கதவைப் பிடித்து நின்ற மனிதருக்கு, நாலடி தூரத்தில் இருந்த போர் செட்டு எட்டாத தூரமாகத் தெரிந்ததோ என்னவோ. வேட்டியைச் சரி செய்தார். தொண்டையைக் கனைத்தார். மெதுவாக நடந்துபோய், பூவம்மாளுக்குப் பக்கத்தில் கடைசி ஆளாக நின்றார்.

"நாப்பத்தஞ்சு" என்றார் ஹாஜா மைதீன்.

கையைத் தூக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நின்றாலே போதும். ஆனாலும் துரைராசு வலது கையை நேராக மேலே தூக்கினார். நோட்டில் எழுதி முடித்து, ஆட்கள் கலைந்து, டிராக்டர் ஒன்று கிளம்பிப் போன பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.