அப்பாவின் கட்டிலுக்கு வந்த பெல்

கனடாவிலிருந்து அண்ணன் ஒரு பெல் அனுப்பினார். பாரிசவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு நின்று, வலக்கைப் பெருவிரல் ஒன்றுதான் சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கரவெட்டியில் அப்பாவும் நானும் மட்டும். சமைக்கிற குசினி வீட்டின் பின்கோடியில் இருக்கிறது. நான் அங்கே நின்றால் இங்கே அவர் செத்தாலும் தெரியாது. அதனால் வாசலுக்கென்று செய்த பெல் கட்டிலுக்கு வந்தது. பொத்தான் அவர் கையில், மணி குசினியில்.

ஈரக் கையில் கறண்டா என்று எனக்குப் பயம்.

"பயப்பிடாதை. ட்ரான்ஸ்போமர் இருக்கு. பதினாறு வோல்ட்தான் அப்பான்ரை கைக்குப் போகும்," என்றார் அண்ணன்.

கையடக்கமான பெட்டி. உள்ளே இரும்பைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள், ஒன்றையொன்று தொடுவதில்லை. பெரிய சுருளில் வீட்டுக் கறண்ட் ஓடினால் சின்னதில் அதன் சிறு பங்கு மட்டும் வரும். அவ்வளவுதான் சங்கதி.

சித்தப்பாவின் மகன் வந்து பூட்டித் தந்தான். கனடாச் சாமான் என்றால் தட்டைக்கால் பிளக்கைப் பார்த்தே, அங்கத்தைய கறண்ட் வேறு என்று உசாராகிவிடுவோம். இந்தப் பாழாய்ப்போனதற்குப் பிளக்கே இல்லை, வெறும் வயர். வீட்டுக் கறண்டை நேரே கொடுத்துவிட்டான். அம்மாளாச்சி, என்ன சத்தம்! அப்பாவுக்கோ காது மந்தம், குசினி மணி கேட்காது. அழுத்தியதும் நான் ஓடிவந்து நின்றதைப் பார்த்துத்தான் அரை உதட்டால் சிரித்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி ஓடினேன்.

அவன் போனபின் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கப் போனேன். மணி அடித்தால் அங்கேயும் கேட்கும். ஏதோ கருகிய மணம் வந்தது. அயலில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். திரும்பி வந்தால் குசினிச் சுவரில் பெட்டி பூட்டிய இடத்தில் கரி. அறையில் கட்டில் முழுக்க ஈரம். அப்பாவின் பெருவிரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பெல் எரிஞ்சு போச்சு! எனக்குக் கேக்கேல்லை அப்பா!" என்று காதுக்குள் கத்தினேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெட்டியில் பொடி எழுத்தில் நூற்றிருபது வோல்ட் என்று போட்டிருந்தது. எங்கள் கறண்ட் இருநூற்று முப்பது. இரண்டு மடங்கு உள்ளே போனால் இரண்டு மடங்கு வெளியே வரும். சூடு தாங்காமல் எரிந்துவிட்டது. நெல்லியடிக் கடையில் இங்கத்தைய ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்கிப் பூட்டினோம். நல்ல சாமான். இரவும் பகலும் மெல்ல இரைந்துகொண்டு, தொட்டால் இளஞ்சூடாக, ஆயத்தமாக நிற்கிறது.

அப்பா அழுத்துவதில்லை. ஈரத்திலேயே கிடப்பார், அழுத்தமாட்டார். பொத்தானைக் கையில் வைத்தால் விரலை மடக்கிக்கொள்வார். சத்தியம் பண்ணிப் பார்த்தேன். ஏசியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இனி நடக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்தார். "பெல் அடிக்குதோ? அப்பாவை ஒருக்கா அடிக்கச் சொல்லு, பாப்பம்."

போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். மற்றக் கையால், அண்ணனுக்குத் தெரியாமல், அவருடைய பெருவிரலைப் பொத்தானில் வைத்து அழுத்தினேன். குசினியில் மணி அடித்தது.

"பாத்தியே, அப்பா கூப்பிடுறார்!" என்று அண்ணன் அழுதார்.

"ஓம் அண்ணை," என்றேன். விரலை விட்டேன். அது உடனே மடங்கிக்கொண்டது.